ரெண்டு மில்லிமீட்டர் வளைவு

ஜூன் 3, செவ்வாய்

பிரஷர் நூற்றைம்பது. டாக்டரம்மா மாத்திரையோட இன்னொண்ணும் சொன்னாங்க: "யார் மேலயாவது கோபம் வந்தா வாயில கொட்டாதீங்க, நோட்டுல எழுதுங்க." சரி, எழுதறேன். நோட்டு பத்துமான்னுதான் தெரியல.

எங்க கம்பெனி கோயமுத்தூர்ல குட்டி டிராக்டர் பண்ற கம்பெனி. தென்னந்தோப்புக்குள்ள, வாழைக்கு நடுவுல ஓட்டறது. அதுல பிரேக் பெடலைத் தாங்கற ஒரு கை இருக்கு. வார்ப்பிரும்பு, முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். நேத்து அன்னூர்ல ஒரு விவசாயி பிரேக்கை மிதிச்சிருக்கார், அந்த இரும்புக் கை மடங்கற இடத்துல ஒடிஞ்சு பெடலோட வந்துடுச்சு. வண்டி வாய்க்கால்ல இறங்கி நின்னதால பொழைச்சார். முழங்கால்ல ஆறு தையல். ரெண்டு மாசத்துல இது மூணாவது.

காலையில மீட்டிங். எங்க டிசைன் தலைவர் ரகோத்தமன் சார் ஒடிஞ்ச மூணையும் மேஜையில வெச்சார். ஒண்ணோட ஒடிஞ்ச முகத்துல கடுகளவு ஓட்டை. வார்க்கறப்போ காத்து மாட்டினா வர்ற ஓட்டை. "வார்ப்புல கோளாறு, பரிசோதனையில விட்டுட்டாங்க"ன்னு பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. மூணுலயும் இருக்கிற முத்திரை ஆறுச்சாமி அண்ணனோடது. இருபத்திரண்டு வருஷமா வார்ப்பெல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் உள்ள வரும். இருபத்தேழாம் தேதி விசாரணை முடியற வரைக்கும் அவரை வீட்டுல இருக்கச் சொல்லிட்டாங்க.

எனக்கும் அவருக்கும் ஆகாது. கம்பெனி பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு அஞ்சு வருஷச் சண்டை. ஆனா அவர் டிபன் கேரியரை எடுத்துக்கிட்டு கேட்டைத் தாண்டிப் போனதைப் பார்க்கச் சங்கடமா இருந்துது.

எனக்கு ஒரு வேலை. டிசைன்ல தப்பில்லைன்னு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடணும். "சும்மா பழைய கணக்கை இன்னொரு வாட்டி ஓட்டிடு வேதா, ஒப்புக்கு"ன்னார் சார்.

ஜூன் 4, புதன்

வாஷிங் மெஷின் தண்ணியைக் குடிக்குது, துப்ப மாட்டேங்குது. மெக்கானிக் நாளைக்கு வர்றானாம். அவனோட நாளை எந்த நாளோ.

பழைய ஃபைலைத் திறந்தேன். மூடிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

என் வேலை என்னன்னு என் வீட்டுக்காரர் தனபாலுக்கே பதினோரு வருஷமாப் புரியல, அதனால இங்கயாவது எழுதி வெக்கறேன். ஒரு உருப்படியைக் கம்ப்யூட்டர் அப்படியே புரிஞ்சுக்காது. அதோட மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணமா வெட்டி ஒட்டணும். அதுக்குப் பேர் மெஷ். அப்புறம் இந்த இடத்துல இவ்வளவு மிதின்னு சொன்னா, எங்க எவ்வளவு இறுக்கம்னு எண் வரும். முக்கோணம் பெருசா இருந்தா வேலை சீக்கிரம் முடியும், ஆனா சின்ன மூலையில நடக்கறது தெரியாது. எல்லாத்தையும் பொடிசாக்கினா கம்ப்யூட்டர் ரெண்டு நாளைக்கு மூச்சு வாங்கும். அதனால சந்தேகம் இருக்கிற இடத்தை மட்டும் பொடிசாக்கணும். கெட்டிக்காரத்தனம் அங்கதான் இருக்கு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கைக்கு நான் போட்ட முக்கோணம் எல்லா இடத்துலயும் ஒரே அளவு, ஆறு மில்லிமீட்டர். அதிகபட்ச எண் 124. இந்த இரும்பு தினம் மிதி வாங்கினாலும் 190 வரைக்கும் தாங்கும். ஆக, ஏகப்பட்ட பத்திரம்.

எங்க ஆபீஸ்ல 'சவரம்'னு ஒரு வழக்கம் உண்டு. மாடல்ல பொடிப்பொடியா வளைவு, ஓட்டை, எழுத்து எல்லாம் இருந்தா மெஷ் மாட்டிக்கும். அதையெல்லாம் வழிச்சுட்டு மொழுமொழுன்னு ஆக்கிட்டா ஓடிடும். புதுசா சேர்றவங்களுக்கு முதல் வாரமே கத்துக் கொடுக்கறது இதுதான். எல்லாரும் பண்றதுதான்.

என் மேல தப்பில்ல.

ஜூன் 9, திங்கள்

ஒப்புக்கு ஓட்டறதுன்னாலும் ஒழுங்கா ஓட்டுவோமேன்னு மடங்கற மூலையை மட்டும் மூணு மில்லிமீட்டர் முக்கோணமாக்கினேன். 168.

எலுமிச்சம் சாதம் சாப்பிட்டு வந்து ஒண்ணரை ஆக்கினேன். 231.

நாளைக்குப் பார்த்துக்கலாம்னு கிளம்பிட்டேன். மெக்கானிக் வந்து மெஷினைத் திறந்து போட்டுட்டு ஸ்பேர் வாங்கப் போனவன் போனவன்தான்.

ஜூன் 10, செவ்வாய்

முக்கால் மில்லிமீட்டர். 318.

உடனே ரகோத்தமன் சாரைக் கூப்பிட்டேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு ஸ்கிரீனைப் பார்த்தார், சிரிச்சுட்டார். "என்ன வேதா, புதுசா வந்த புள்ளை மாதிரி! கத்தி மாதிரிக் கூர் மூலை. இதுல நீ எவ்வளவு பொடிசாக்கினாலும் எண் ஏறிக்கிட்டேதான் போகும், நிக்கவே நிக்காது. அது கணக்கோட கோளாறு. இரும்போட கோளாறில்ல. விட்டுத் தள்ளு."

அவர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. புஸ்தகத்துலயே இருக்கு. எனக்கு எப்படி மறந்துது? அப்பாடான்னு ஆயிடுச்சு. வர்ற வழியில சூடா மிளகாய் பஜ்ஜி வாங்கிட்டு வந்தேன். தனபால், "என்ன விசேஷம்?"னார். "பஜ்ஜி திங்க விசேஷம் வேணுமாக்கும்"னேன்.

மூலை ஏன் கூரா இருக்குன்னு அவர் கேக்கல. நானும் சொல்லல.

ஜூன் 12, வியாழன்

எழுதிடறேன். இல்லைன்னா பிரஷர் இருநூறு ஆயிடும்.

ஸ்டோருக்குப் போய் ஒடிஞ்ச கையை எடுத்துப் பார்த்தேன். மூலையில விரலை வெச்சேன். கூரில்ல. பாசிப்பயறு உட்கார்ற மாதிரி ஒரு சின்ன வளைவு. டிராயிங்லயும் இருக்கு, ரெண்டு மில்லிமீட்டர். என் மாடல்ல மட்டும் இல்ல.

எடுத்தது நான்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி மார்ச் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாத்தனாருக்கு நிச்சயம், புடவை பையில இருக்கு, மெஷ் பதினோரு வாட்டி மாட்டிக்கிச்சு. அந்த வளைவுலதான் ஒவ்வொரு வாட்டியும். ரைட் கிளிக் பண்ணிச் சவரம் பண்ணிட்டேன், ஓடிடுச்சு. ஃபைலைத் திறந்த அன்னிக்கே பார்த்துட்டேன், மாத்தினவர் பேர்னு என் பேர்தான் இருந்துது. வளைவே இல்லாத மாடலை வெச்சு மூலை பத்திரம்னு சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கேன்.

அதோட நிக்கல. பழைய மெயிலைத் தேடினேன். முதல் சாம்பிள் வந்தப்போ ஆறுச்சாமி அண்ணன் ஒரு சீட்டுல எழுதி, அதைப் படமெடுத்து அனுப்பியிருக்கார்: "மடங்குற இடத்துல வளைவு ரொம்பச் சிறுசா இருக்குதுங்க. பெருசாக்கினா தேவலைங்க." என் பதில் ரெண்டே வார்த்தை. "அனாலிசிஸ் ஓகே."

ஒரு 'வணக்கம்'கூடப் போடலடி நீ.

ஜூன் 14, சனி

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல ஆறுச்சாமி அண்ணனைப் பார்த்தேன். பார்க்காம போயிடலாம்னுதான் நினைச்சேன். ஆனா அவர் பண்ணிக்கிட்டிருந்தது விநோதமா இருந்துது. தூண் ஓரமா நின்னு, ஒரு கண்ணைக் கையால பொத்திக்கிட்டு, தூரத்துல வர்ற பஸ்ஸோட போர்டைப் படிக்கிறார். அப்புறம் அடுத்த கண்ணைப் பொத்திக்கிட்டுப் படிக்கிறார். பஸ் கிட்ட வந்ததும் சரிதானான்னு பார்க்கறார்.

"என்னங்கண்ணா பண்றீங்க?"ன்னேன்.

திடுக்கிட்டுக் கையை எடுத்தார். "ஏனுங் மேடம், நீங்களா? சும்மாதானுங்க." அப்புறம் அவரே சொன்னார். "ஆஸ்பத்திரில ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க. எனக்குத்தான் நம்பிக்கை வர மாட்டேங்குது. அந்த மூணும் என்ற கையில வந்ததுதானுங்களே. நாம் பாத்துத்தான முத்திரை போட்டேன். ஒருத்தரு காலு போயிருக்கும். நாந்தான் எங்கியோ உட்டுப்போட்டேன். இனி எதைப் பாத்தாலும் சரியாப் பாத்தமான்னு சந்தேகமா இருக்குதுங்க. வூட்டுல அரிசியில கல்லுப் பொறுக்கக்கூடக் கை வர்றதில்ல."

இருபத்தேழாம் தேதி வரைக்கும் காத்திருக்காம வேலையை எழுதிக் கொடுத்துடப் போறாராம். லெட்டர் சட்டைப் பையில இருக்காம்.

"அவசரப்படாதீங்கண்ணா. இருபத்தேழு வரைக்கும் கொடுக்காதீங்க"ன்னேன்.

"எதுக்குங்க?"

சொல்லியிருக்கணும். அங்கயே, அந்தத் தூண்கிட்டயே சொல்லியிருக்கணும். "சும்மாதான்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். வெக்கமா இருக்கு. இப்படி ஒரு வெக்கம் எனக்கு வந்ததே இல்ல.

ஜூன் 16, திங்கள்

வாயால சொன்னா போதாது, கணக்கு வேணும். இப்போ என் கையில இருக்கிறது நிக்காம ஏறற ஒரு எண்தான். அதை வெச்சுக்கிட்டு ஆறுச்சாமி அண்ணன் மேல தப்பில்லைன்னும் சொல்ல முடியாது, டிசைன் மேல தப்புன்னும் சொல்ல முடியாது. அந்த ரெண்டு மில்லிமீட்டரைத் திருப்பி மாடல்ல வெக்கணும். வெச்சுட்டு அங்க மட்டும் பொடிசாக்கணும். எண் ஒரு இடத்துல நின்னா அது உண்மை.

வளைவை வெச்சேன். மெஷ் மாட்டிக்கிச்சு. பன்னிரண்டாவது வாட்டின்னு வெச்சுக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

அட கெரகமே! பாதி நாள் வீண். பழைய மெஷ்ஷையே எடுத்து, அந்த இடத்து முக்கோணத்தை மட்டும் நாலா வெட்டுன்னு சாஃப்ட்வேர்கிட்டச் சொல்லியிருக்கேன். வெட்டிச்சு. ஆனா தட்டையான முக்கோணத்தை வெட்டினா நாலு தட்டைத் துண்டுதானே வரும்? உண்மையான வளைவை அது எட்டிக்கூடப் பார்க்கல. பார்க்க என்னமோ நெசவு மாதிரி அழகா இருக்கு, மூலை மட்டும் பழைய கூர் மூலையேதான். பொடிசா இருந்தா சரியா இருக்கும்னு கண்ணு ஏமாந்துடுது.

புதுப் புள்ளி ஒவ்வொண்ணும் நிஜமான வளைவு மேல போய் உட்காரணும்னு தனியாச் சொல்லணும். சொன்னேன். இப்போ முக்கோணங்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு அடிச்சுக்குது.

வாஷிங் மெஷின் சரியாயிடுச்சு. மெக்கானிக்கை மனசாரத் திட்டியிருந்தேன், பாவம், காய்ச்சலாம்.

ஜூன் 18, புதன்

பொடி முக்கோணத்துக்குப் பக்கத்துலயே பெரிய முக்கோணம் வந்தா ஒத்துக்காது. கால் மில்லிமீட்டர், அடுத்து அரை, அடுத்து ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு படிப்படியா விடணும். வரிசை வரிசையா உட்கார்ந்து சரி பண்ணினேன். ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சது, நாலே காலுக்கு முதல் தடவையா எங்கயும் மாட்டாம முழுசா வந்துது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் செலவழிச்சிருந்தா போதும். ஒரே ஒரு நாள்.

ஜூன் 19, வியாழன்

அரை மில்லிமீட்டர்: 243.

கால் மில்லிமீட்டர்: 251.

அதுலயும் பாதி: 252.

நின்னுடுச்சு.

இந்த இரும்பு தாங்கறது 190. ஆக, வார்ப்புல காத்து மாட்டாட்டியும் ஒடியும். கடுகளவு ஓட்டை இருந்தது சீக்கிரம் ஒடிஞ்சிருக்கும், அவ்வளவுதான். மத்த ரெண்டுல ஓட்டையே இல்லாம ஒடிஞ்சதுக்கு ஒருத்தரும் காரணம் கேக்கல பார். ஆறுச்சாமி அண்ணன் எதையும் விடல. ஒண்ணுல இருந்த கடுகளவு ஓட்டையும் உள்ளுக்குள்ள, வெளியில தெரியாதது; மத்ததுல பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்ல.

பயம்தான் முதல்ல வந்துது. வெளியில நானூற்றிச் சொச்சம் டிராக்டர் இதே கையோட ஓடிக்கிட்டிருக்கு. அப்புறம், எழுதவே கூச்சமா இருக்கு, சந்தோஷமும் வந்துது. ரெண்டு வாரமா நெஞ்சுல அடைச்சிருந்தது இறங்கின மாதிரி. அதே சூட்டுல வளைவை எட்டு மில்லிமீட்டராக்கி ஓட்டினேன். 151. நின்னுது. சரி பண்ண முடியும்.

தனபால்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். டி.வி.யை அணைச்சுட்டுக் கேட்டார். அவர் டி.வி.யை அணைச்சாலே பெரிய விஷயம். "வேலை போயிடுமா?"ன்னார். "போகலாம்"னேன். "போனா பகல்ல வீட்டுல இருப்பியா?"ன்னார். "ஆமா."

"அப்போ போகாம பார்த்துக்க"ன்னார் மனுஷன். சிரிச்சு சிரிச்சு அழுதுட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

காலையில முதல் வேலையா ரகோத்தமன் சார் ரூம். எண்களையெல்லாம் வெச்சேன். இந்த வாட்டி கண்ணாடியை ஏத்தல, சிரிக்கல.

"எல்லா வண்டியையும் நிறுத்தச் சொல்லணும் சார். இன்னிக்கே."

"நிறுத்தறேன்." உடனே சர்வீஸ் ஆளுங்களுக்கு போன் போட்டுச் சொன்னார், அதுல குறை சொல்ல முடியாது. வெச்சுட்டு என்னைப் பார்த்தார். "வேதா, ரிப்போர்ட்ல 'மாடலை எளிமைப்படுத்தியதில் ஏற்பட்ட வேறுபாடு'ன்னு பொதுவாப் போட்டுக்கலாம். ஓட்டையும் இருந்துதே? ரெண்டும் சேர்ந்துன்னு எழுதிடு. ஆறுச்சாமிக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான். அவரே எழுதிக் கொடுக்கப் போறதாக் கேள்வி. உனக்கு எவ்வளவு வருஷம் இருக்கு, யோசிச்சுப் பாரு."

கெட்ட மனுஷர் இல்ல. எனக்காகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம்.

"சவரம் பண்ணினது நான் சார். அவர் அப்பவே எழுதிக் கேட்டார், பார்க்காம ஓகேன்னு சொன்னதும் நான். ரெண்டையும் எழுதித்தான் கொடுப்பேன்."

"எழுதிக்கோ தாயே"ன்னார்.

ஜூன் 23, திங்கள்

மீட்டிங்ல நின்னுக்கிட்டே படிச்சேன். அவரோட சீட்டையும், என் ரெண்டு வார்த்தை பதிலையும் திரையில போட்டேன். குரல் ஒரு இடத்துலதான் உடைஞ்சுது.

முடிவு: எல்லா வண்டிக்கும் புதுக் கை. விசாரணை ரத்து. இனிமே மாடல்ல எதை வழிச்சாலும் அது ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துல எழுதியிருக்கணும். எனக்கு ஆறு மாசம் தனியாக் கையெழுத்துப் போடற உரிமை இல்ல, இன்னொருத்தர் சரி பார்க்கணும். வேலை இருக்கு.

ஆறுச்சாமி அண்ணனுக்கு மெயில் போகும்னாங்க. "மெயில் வேண்டாம், நானே போறேன்"னேன்.

ஜூன் 24, செவ்வாய்

சூலூர் தாண்டி உள்ள போகணும் அவர் வீடு. பத்து மணி வெயில். அவர் சம்சாரம் ரங்கநாயகி அக்கா, "வாங்க கண்ணு, தண்ணி குடிங்க"ன்னு சொம்போட வந்தாங்க. குடிக்க மனசு வரல. அவர் உள்ளயிருந்து வந்து எதிர்ல உட்கார்ந்தார். சட்டைப் பையில அந்த லெட்டர் தெரிஞ்சுது.

வர்ற வழியெல்லாம் ஜோடிச்சு வெச்சிருந்த பேச்சு ஒண்ணும் வாயில வரல. "ஒடிஞ்சது என் தப்புங்கண்ணா. உங்க தப்பு இல்ல. கணக்கு போடறப்போ அந்த வளைவை எடுத்துட்டேன். நீங்க சிறுசுன்னு எழுதினீங்க, நான் பார்க்கல. அந்த இரும்புல வெளியில தெரியற எதையும் நீங்க பார்க்காம விடல. வெறுமனே மிதிச்சு மிதிச்சே ஒடிஞ்சிருக்கும்."

அக்கா கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

"அப்ப... அப்ப என்ற கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குங்கண்ணா. எங்க எல்லாரையும் விட."

எழுந்து பின்னாடி போயிட்டார். தண்ணி ஊத்தி முகம் கழுவற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுது. திரும்பி வந்தப்போ வேற ஆள். முகமெல்லாம் சிவந்திருந்துது.

"எப்பருந்து தெரியுமுங்க உங்களுக்கு?"

பொய் சொல்லல. "மூணு வாரமா."

"பஸ் ஸ்டாண்டுல பாத்தப்போ?"

"தெரியும்."

"நான் மூணு வாரமாத் தூங்கலீங்க மேடம். இவ சோறு போட்டா தட்டைப் பாத்துட்டு எந்திருச்சுருவேன். நீங்க தின்னீங்களா?"

"தின்னேங்கண்ணா."

"ம்." கையை வேட்டியில துடைச்சுக்கிட்டே இருந்தார். "திங்கலைன்னு சொல்லியிருந்தீங்கன்னா வெளிய போங்கன்னு சொல்லியிருப்பேன்."

மன்னிச்சேன்னு அவர் சொல்லல. நானும் கேக்கல. கேக்கற தைரியம் இல்ல. அக்காதான், "வெயில்ல வந்த புள்ளை, அக்கப்போரை அப்புறம் வெச்சுக்குங்க"ன்னு காபி கொண்டு வந்து கையில திணிச்சாங்க. சக்கரை ஜாஸ்தி. முழுசாக் குடிச்சேன்.

ஜூன் 25, புதன்

ஆறுச்சாமி அண்ணன் வேலைக்கு வந்துட்டார். என்கிட்டப் பேசல. முத்திரையையும் எடுக்கல. வந்த வார்ப்பையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, பக்கத்துல இருந்த பையன்களைக் கூப்பிட்டு, "நீங்களும் ஒருக்கா பாருங்க"ன்னு சொல்றாராம். இதுக்கு முன்னாடி ஒருத்தரையும் தொடவே விடமாட்டார்.

நம்பிக்கை மெயில் மாதிரி ஒரே நிமிஷத்துல வந்துடாது போல.

ஜூலை 2, புதன்

பிரஷர் நூற்றி முப்பத்தாறு. டாக்டரம்மா, "எழுதறீங்களா?"ன்னாங்க. "எழுதறேன், ஆனா எல்லாம் என்னைத் திட்டித்தான்"னேன்.

ஜூலை 14, திங்கள்

எட்டு மில்லிமீட்டர் வளைவோட புதுக் கை வந்துது. முதல் தவணை நாப்பது. அன்னூர்க்காரர் வண்டிக்குத்தான் முதல்ல போகணும்னு நான் கேட்டுக்கிட்டேன். மத்த வேலையைப் போட்டுட்டு ரகோத்தமன் சாரும் நானும் பரிசோதனை மேஜைக்கே போய் நின்னோம்.

ஆறுச்சாமி அண்ணன் ஒவ்வொண்ணா எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா ஒரு சாய்ப்பு, மறுபக்கம் ஒரு சாய்ப்பு, கட்டை விரல் மூலையில ஒரு தடவல். பத்து வரைக்கும் பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அதுக்கு மேல கூப்பிடல. முத்திரை சுத்தி டக், டக்னு விழுந்துக்கிட்டிருந்துது.

இருபத்தாறாவதைத் தனியா வெச்சார்.

சார் எடுத்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?" என்கிட்டக் கொடுத்தார். நானும் பார்த்தேன். அதே இரும்பு, அதே வளைவு, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. அப்படியே சொன்னேன்.

"தோல் ஒரு மயிரளவு உள்வாங்கியிருக்குதுங்க. உள்ள காத்து"ன்னார்.

"நிச்சயமா?"ன்னார் சார். இப்பத்தான் கொஞ்சம் தேறி வர்ற மனுஷன்கிட்ட அந்தக் கேள்வியைக் கேக்கணுமா?

ஆறுச்சாமி அண்ணன் ஒரு நொடி அந்தக் கையையே பார்த்தார். அப்புறம், "வெட்டிப் பாருங்க"ன்னார்.

ரம்பத்துல வெச்சாங்க. கிர்ருன்னு சத்தம், தீப்பொறி. ரெண்டாப் பிளந்ததை எடுத்துக்கிட்டு ஒரு பையன் ஓடி வந்தான். நடுவுல மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு பொந்து, உள்ள பளபளன்னு. சுத்தி நின்னவங்க எல்லாம் ஒரே நேரத்துல எட்டிப் பார்த்தோம். சார் "அடேயப்பா"ன்னார். நான் ஆறுச்சாமி அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் அதைப் பார்க்கவே இல்ல. இருபத்தேழாவதுக்கு முத்திரை அடிச்சுக்கிட்டிருந்தார்.